எலக்ட்ரான் வெளியே வர ஆற்றல் மட்டும் போதுமா?

கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருப்பது இது: "ஆய்வகத்தில் ஒளிமின் கலத்தை வைத்துப் பிளாங்க் மாறிலியைக் கண்டோம். வரைபடத்தின் சரிவு ஓரளவு சரியாக வந்தது. ஆனால் வெட்டுத்துண்டிலிருந்து கிடைத்த வெளியேற்று ஆற்றல் புத்தக மதிப்போடு ஒத்துப்போகவே இல்லை. 'சோதனைப் பிழை' என்று எழுதிவிட்டோம். குவாண்டம் கோட்பாடு எலக்ட்ரான் உமிழ்வை உண்மையிலேயே விளக்குகிறதா, அல்லது அந்த ஒரு நேர்கோட்டை மட்டும்தான் விளக்குகிறதா? எத்தனை எலக்ட்ரான் வரும், எந்தத் திசையில் வரும் என்பதை அது சொல்லுமா?"

அம்மணி, சொல்லும். எத்தனை, எந்தத் திசை, எந்த வேகம், எவ்வளவு நேரத்தில் என்று எல்லாமே சொல்லும். ஆனால் 1905-இல் ஐன்ஸ்டீன் எழுதிய சமன்பாடு அதைச் சொல்லாது. அது ஆற்றல் கணக்கு மட்டும்: ஃபோட்டான் என்னும் ஒளித்துகள் கொடுத்தது இவ்வளவு, பரப்பைத் தாண்டச் செலவானது, அதாவது வெளியேற்று ஆற்றல், இவ்வளவு, மிச்சம் இயக்க ஆற்றல். போதுமான ஆற்றல் கையில் இருந்தும் ஏராளமான எலக்ட்ரான்கள் வெளியே வருவதில்லை. அது ஏன் என்று கேட்கும்போதுதான் குவாண்டம் இயக்கவியல் உண்மையில் வேலை செய்யத் தொடங்குகிறது. நம் பாடத்திட்டம் அதற்கு முன்பே அடுத்த அத்தியாயத்துக்குத் தாவிவிடுகிறது என்பது எனக்கு நெடுநாளாக உள்ள மனக்குறை.

முதலில் உங்கள் வெட்டுத்துண்டு, அதாவது நேர்கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம். அது பிழை இல்லை. நீங்கள் வேறொன்றை அளந்திருக்கிறீர்கள். ஒளி விழும் தகட்டையும், எலக்ட்ரானைப் பிடிக்கும் தகட்டையும் கம்பியால் இணைத்தவுடன் இரண்டின் ஃபெர்மி மட்டங்களும், அதாவது உள்ளே எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றல் மட்டங்களும், சமமாகிவிடுகின்றன. இரண்டின் வெளியேற்று ஆற்றல்கள் வேறு வேறு என்பதால், அவற்றுக்கு வெளியே உள்ள வெற்றிடத்தில், வோல்ட்மீட்டர் சுழியைக் காட்டும்போதே ஒரு மின்னழுத்த வேறுபாடு இருக்கிறது. அதைத் தொடு மின்னழுத்தம் என்பார்கள். இதையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பாருங்கள்: உமிழும் தகட்டின் வெளியேற்று ஆற்றல் கூட்டலிலும் கழித்தலிலும் ஒரே அளவில் வந்து அடிபட்டுப் போகும். எஞ்சுவது பிடிக்கும் தகட்டின் வெளியேற்று ஆற்றல். மிக வேகமான எலக்ட்ரானையும் தடுத்து நிறுத்தும் எதிர் மின்னழுத்தத்தை, அதாவது நிறுத்து மின்னழுத்தத்தை, அதிர்வெண்ணுக்கு எதிராக வரைந்தால் வெட்டுத்துண்டு சொல்வது எதிர்ப்பக்கத் தகட்டைப் பற்றித்தான். நீங்கள் ஒப்பிட்டுப் பார்த்த புத்தக மதிப்போ ஒளி விழும் தகட்டுடையது.

அதோடு கல்லூரிகளில் உள்ள கலங்களில் ஒளி விழும் பரப்பு பெரும்பாலும் ஆன்டிமனி-சீசியம் பூச்சு. அது உலோகம்கூட இல்லை, குறைக்கடத்தி. சீசியம் எளிதில் ஆவியாகி எதிர்த்தகட்டிலும் போய்ப் படியும். அந்தத் தகட்டின் மீதும் கொஞ்சம் ஒளி விழுவதால் அதுவும் எலக்ட்ரானை உமிழ்ந்து, மின்னோட்டத்தை எதிர்த்திசைக்கு இழுக்கும். எனவே மின்னோட்டம் சுழியாகும் புள்ளியை நிறுத்து மின்னழுத்தம் என்று குறிப்பது தவறு. எதிர் மின்னழுத்தத்தை நன்றாக ஏற்றி, எதிர்த்திசை மின்னோட்டம் நிலையாகி நிற்கும் கோட்டைப் பிடித்து, வளைகோடு அதிலிருந்து விலகத் தொடங்கும் இடத்தைக் குறியுங்கள். வண்ணக் கண்ணாடி வடிகட்டியையும் நம்பவேண்டாம். அது ஒரே அலைநீளத்தை அல்ல, ஒரு பட்டையையே விடுகிறது. நிறுத்து மின்னழுத்தத்தைத் தீர்மானிப்பது அந்தப் பட்டையின் மிகக் குறுகிய அலைநீளம். பாதரச விளக்கு கிடைத்தால் 365, 405, 436, 546, 578 நானோமீட்டர் கோடுகளைப் பிரித்துப் பயன்படுத்துங்கள். சரிவு சட்டென்று திருந்தும்.

இந்தத் தொல்லைகள் எல்லாவற்றையும் மில்லிகன் பட்டிருக்கிறார். ஹெர்ட்ஸ் 1887-இல் புற ஊதா ஒளி தீப்பொறியை எளிதாக்குவதைக் கண்டார். மறு ஆண்டு ஹால்வாக்ஸ், எதிர் மின்னூட்டம் ஏற்றிய துத்தநாகத் தகடு அந்த ஒளியில் மின்னூட்டத்தை இழப்பதைக் காட்டினார். ஒளியின் செறிவைக் கூட்டினாலும் எலக்ட்ரானின் பெரும ஆற்றல் கூடுவதில்லை என்று லெனார்டு 1902-இல் சொன்னார். ஆனால் இவற்றில் எதுவும் ஒரு நேர்கோட்டைத் தரும் அளவுக்குச் சுத்தமான அளவீடு இல்லை. மில்லிகன் சோடியம், பொட்டாசியம், லித்தியம் துண்டுகளை வெற்றிடக் குழாய்க்குள்ளேயே வைத்து, வெளியிலிருந்து காந்தத்தால் கத்தியை இயக்கிப் பரப்பைச் சீவி, புதுப்பரப்பின் மீது ஒளியைப் பாய்ச்சினார். தொடு மின்னழுத்தத்தையும் அதே குழாய்க்குள் தனியாக அளந்தார். 1916-இல் அவர் வெளியிட்ட பிளாங்க் மாறிலியின் மதிப்பு இன்றைய மதிப்பிலிருந்து ஒரு சதவீதம்கூட விலகவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஐன்ஸ்டீனின் ஒளித்துகள் கருத்தை அதே கட்டுரையில் பொறுப்பற்ற துணிச்சல் என்ற தோரணையில்தான் அவர் குறிப்பிட்டார். சமன்பாடு சரி, அதற்குப் பின்னால் உள்ள படம் சரியில்லை என்பது அவர் நிலை. அந்தக் காலத்தில் அது முட்டாள்தனமும் இல்லை. நேர்கோடு நேர்கோட்டை மட்டும்தானே நிரூபிக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். உடுமலைப் பக்கம் வயல்களில் நிற்கும் சூரியத் தகடுகளையும், பல்லடத்து ஏர்ஜெட் தறிகளில் ஊடை நூல் வந்துசேர்ந்ததா என்று பார்க்கும் ஒளி உணரியையும் ஒளிமின் உமிழ்வுக்கு எடுத்துக்காட்டாகப் பலர் சொல்கிறார்கள். அவற்றில் எலக்ட்ரான் திண்மத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. உள்ளுக்குள்ளேயே ஓர் ஆற்றல் பட்டையிலிருந்து இன்னொரு ஆற்றல் பட்டைக்கு ஏறுகிறது. நாம் பேசுவது பரப்பைத் தாண்டி வெற்றிடத்துக்கு வரும் எலக்ட்ரானைப் பற்றி.

உலோகத்தைத் தோட்டத்துக் கிணறாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டம்தான் ஃபெர்மி மட்டம். அங்கிருந்து கிணற்று மேடு வரை உள்ள உயரம் வெளியேற்று ஆற்றல்: சீசியத்துக்குச் சுமார் 2.1 எலக்ட்ரான்வோல்ட், டங்ஸ்டனுக்குச் சுமார் 4.5, தங்கத்துக்கு 5.1-க்கு மேல். மேல்மட்டத் தண்ணீரிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான் மட்டுமே பெரும ஆற்றலோடு வெளியே வரும்; அடியிலிருந்து கிளம்புவது மீதி குறைவாக வரும். பெரும்பாலான எலக்ட்ரான்களின் ஆற்றல் ஐன்ஸ்டீன் சொன்ன பெருமத்துக்குக் கீழே பரவிக் கிடப்பதற்கு இதுவும், வரும் வழியில் மற்ற எலக்ட்ரான்களோடு மோதி ஆற்றலை இழப்பதும்தான் காரணம். ஆனால் இந்தக் கிணற்று உவமை ஓரிடத்தில் முற்றிலும் பொய்த்துவிடும். மேட்டைத் தாண்டும் வேகத்தில் மேல்நோக்கி எறிந்த கல் கிணற்று விளிம்பைக் கண்டு திரும்பி வராது. எலக்ட்ரான் திரும்பும். மேட்டுக்குக் கீழேயே இருக்கும் எலக்ட்ரான் சுவரின் ஊடாக வெளியே வரவும் செய்யும். இந்த இரண்டும் அலையின் குணங்கள்.

திரும்புவதற்கு ஓர் எண்ணைத் தருகிறேன். கிணற்றின் முழு ஆழம் 14 எலக்ட்ரான்வோல்ட், எலக்ட்ரான் மேட்டுக்கு மேலே 0.2 எலக்ட்ரான்வோல்ட் மிச்சத்தோடு செங்குத்தாக வருகிறது என்று வைத்துக்கொண்டு, பரப்பை ஒரு கூரான படியாக நினைத்து, ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தீர்த்துப் பாருங்கள். நூற்றில் 38 மட்டுமே வெளியே போகும். 62 உள்ளே திரும்பும். ஆற்றல் இருந்தும்தான். உள்ளே அலைநீளம் சிறியது, வெளியே மிகப் பெரியது. இரண்டும் பரப்பில் பொருந்தவில்லை. நல்லவேளையாக உண்மையான பரப்பு கூரான படி இல்லை. வெளியேறும் எலக்ட்ரானை உலோகத்தில் தூண்டப்படும் மின்னூட்டம் பின்னுக்கு இழுப்பதால் படியின் மேல்மூலை மழுங்கி, படிப்படியாகச் சமமாகிறது. மழுங்கிய படியில் எதிரொளிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அலை இயக்கவியல் பிறந்த சூட்டோடு 1928-இல் நார்ட்ஹைம் இந்தக் கணக்கைப் போட்டார்.

அவர் அதைப் போட்டதற்குக் காரணம் சூடான கம்பி. எலக்ட்ரான் உமிழ்வில் தொழிலுக்கு முதலில் உதவியது ஒளி அல்ல, வெப்பம். ரிச்சர்ட்சன் 1901-இல் தந்த விதியில் மின்னோட்டம் வெப்பநிலையோடு அடுக்குக்குறியாக ஏறுகிறது. அறை வெப்பநிலையில் டங்ஸ்டனுக்கு அந்த அடுக்குக்குறிக் காரணி 10⁻⁷⁶. அதாவது எதுவும் வராது. 2700 கெல்வினில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1.75 ஆம்பியர் வரும். 2600-க்கு இறக்கினால் அதில் பாதிகூட வராது.

ரிச்சர்ட்சன் முதலில் பழைய வாயுக் கோட்பாட்டை வைத்து, அடுக்குக்குறிக்கு முன்னால் வெப்பநிலையின் வர்க்கமூலத்தைப் போட்டார். பிறகு வெப்பநிலையின் வர்க்கம் என்று மாற்றினார். சோதனையால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை, ஏனெனில் அடுக்குக்குறி எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. இந்தத் துறை முழுவதிலும் மாணவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இதுதான்: வரைபடத்தில் புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தன என்பதால் கோட்பாடு நிரூபணமாகிவிடாது. முன்னால் உள்ள மாறிலியைத்தான் பார்க்கவேண்டும். 1923-இல் டஷ்மேன் அந்த மாறிலியின் மதிப்பு 60 என்றார், சதுர சென்டிமீட்டருக்கு, கெல்வின் வர்க்கத்துக்கு, ஆம்பியர் அலகில். ஃபெர்மியும் டிராக்கும் 1926-இல் புதிய புள்ளியியலைத் தந்தபின் சோமர்ஃபெல்ட் உலோகத்துக்கு அதைப் பொருத்தினார். எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி (ஸ்பின்) நிலை இரண்டு என்பதால் 60 என்பது 120 ஆனது. எலக்ட்ரான் நிறை, மின்னூட்டம், போல்ட்ஸ்மன் மாறிலி, பிளாங்க் மாறிலி தவிர வேறெதுவும் அதில் இல்லை. எந்த உலோகமானாலும் ஒரே எண்.

ஆனால் சோதனையில் டங்ஸ்டனுக்கு வந்தது 60-ஐ ஒட்டிய மதிப்பு! தற்சுழற்சி பொய்யா? இல்லை. வெளியேற்று ஆற்றலே வெப்பநிலையோடு சற்று மாறுகிறது. அந்த மாற்றம் அடுக்குக்குறிக்குள் நுழைந்து, வெப்பநிலை அடிபட்டு, மாறிலியைப் பெருக்கும் ஒரு காரணியாக வெளியே வந்து நிற்கிறது. போதாக்குறைக்குக் கம்பியின் பரப்பு பல படிக முகங்களின் கலவை. டங்ஸ்டனில் முகத்துக்கு முகம் வெளியேற்று ஆற்றல் ஏறத்தாழ 4.3-இலிருந்து 5.2 எலக்ட்ரான்வோல்ட் வரை மாறுகிறது. ஆகவே அளந்த எண் 120-க்குச் சமமாகாததைக் கோட்பாட்டின் தோல்வி என்று கொள்ளக்கூடாது. உங்கள் வெட்டுத்துண்டு விவகாரமும் இதே இனம்தான்.

புல உமிழ்வுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்தது இது. பழைய இயற்பியலால் எந்த வகையிலும் சமாளிக்க முடியாமல் போனதும் இதுதான். குளிர்ந்த உலோக முனையில் வலுவான மின்புலத்தைக் கொடுத்தால் எலக்ட்ரான் வருகிறது. மின்புலம் அரணின், அதாவது நம் கிணற்று மேட்டின், உயரத்தைக் குறைக்கிறது என்று 1923-இல் ஷாட்கி கணக்கிட்டார். 4.5 எலக்ட்ரான்வோல்ட் அரணை அப்படி முழுவதும் கரைக்க நானோமீட்டருக்கு 14 வோல்ட் வேண்டும். சோதனைகளிலோ அதைவிட மிகக் குறைந்த புலத்திலேயே மின்னோட்டம் பாய்ந்தது. வெப்பம் உதவுகிறதோ என்று பார்த்தால், முனையைக் குளிர்வித்தாலும் மின்னோட்டம் மாறவில்லை. மில்லிகனும் லாரிட்சனும் 1928-இல் மின்னோட்டத்தின் மடக்கையை மின்னழுத்தத்தின் தலைகீழுக்கு எதிராக வரைந்தபோது நேர்கோடு கிடைத்தது. அதே ஆண்டு ஃபௌலரும் நார்ட்ஹைமும் அந்தக் கோட்டைக் கோட்பாட்டிலிருந்தே வருவித்தார்கள். புலம் அரணைக் கரைக்கவில்லை, மெலிய வைக்கிறது. நானோமீட்டருக்கு 4 வோல்ட் புலத்தில் ஃபெர்மி மட்டத்தில் உள்ள எலக்ட்ரானுக்கு எதிரே நிற்கும் சுவரின் தடிமன் ஒரு நானோமீட்டரைச் சற்றே தாண்டும். அவ்வளவு மெல்லிய சுவரில் அலையின் வால் மறுபக்கம் நீளும். எலக்ட்ரான் சுரங்கம் போட்டதுபோல ஊடுருவி வெளியே வந்துவிடும். திண்மத்தின் மீது குவாண்டம் இயக்கவியலுக்குக் கிடைத்த முதல் பெரிய வெற்றிகளில் இது ஒன்று. ஒளிமின் விளைவைக் கொண்டாடும் அளவுக்கு இதை ஏன் கொண்டாடுவதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

அதற்குப் பிறகு கருவிகள் வரிசையாக வந்தன. எர்வின் முல்லர் 1936-இல் ஊசிமுனையிலிருந்து வரும் எலக்ட்ரான்களை ஒளிரும் திரையில் விழவைத்து, படிக முகங்களின் உருவத்தையே பார்த்தார். 1970-இல் ஆல்பர்ட் குரூ புல உமிழ்வு முனையை எலக்ட்ரான் மூலமாக வைத்துத் தனி அணுக்களைப் படம் பிடித்தார். பின்னிக், ரோரர் இருவரும் 1981-இல் உருவாக்கிய சுரங்க நுண்ணோக்கியும் இதே கணக்கில்தான் ஓடுகிறது: இடைவெளி பத்தில் ஒரு நானோமீட்டர் கூடினால் மின்னோட்டம் சுமார் பத்து மடங்கு குறையும். சூடான டங்ஸ்டன் கம்பி தரும் எலக்ட்ரான்களின் ஆற்றல் ஒன்றிரண்டு எலக்ட்ரான்வோல்ட் அகலத்துக்குப் பரவியிருக்கும். குளிர்ந்த முனையிலிருந்து வருவது 0.3 அளவுக்குள் அடங்கும். புல உமிழ்வு நுண்ணோக்கிக்கு அதிக விலை கொடுப்பது இந்தக் குறுகிய அகலத்துக்காகவும், முனை அத்தனை சிறியது என்பதற்காகவும்தான்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். சுத்தமான உலோகத்தின் மீது, அரணைச் சற்றே தாண்டும் ஆற்றலோடு விழும் ஆயிரக்கணக்கான ஃபோட்டான்களுக்கு ஓர் எலக்ட்ரான் வந்தாலே பெரிது. ஆன்டிமனி-சீசியத்தில் ஐந்தாறு ஃபோட்டானுக்கு ஒன்று என்ற அளவை எட்டலாம். ஏன் இந்த வேறுபாடு? 1964-இல் பெர்க்லண்டும் ஸ்பைசரும் உமிழ்வை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள்: உள்ளே ஒளியை வாங்கி எலக்ட்ரான் மேலேறுவது, பரப்பு வரை நடந்து வருவது, பரப்பைத் தாண்டுவது. உலோகம் ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. உள்ளே போனதிலும், எழும் எலக்ட்ரானை மோதித் தடுக்க ஃபெர்மி மட்டத்தில் கூட்டம் நிற்கிறது. குறைக்கடத்தியில் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரானுக்கு நிலையே இல்லாத ஆற்றல் பகுதி, இருப்பதால், அந்த இடைவெளியைவிடக் குறைந்த உபரி ஆற்றலோடு நடக்கும் எலக்ட்ரானால் இன்னொன்றைக் கிளப்ப முடியாது. எனவே பெரிய இழப்பில்லாமல் வெகுதூரம் நடந்து வரும்.

உமிழும் உலோகத்தின் உண்மையான வெளியேற்று ஆற்றல் வேண்டுமானால் இந்த எண்ணிக்கையிலிருந்தே எடுக்கலாம். உமிழ்வு தொடங்கும் குறைந்தபட்ச அதிர்வெண்ணான தொடக்க அதிர்வெண்ணை ஒட்டிய பகுதியில், ஒரு ஃபோட்டானுக்கான மின்னோட்டம் மிகை ஆற்றலின் வர்க்கத்துக்கு நேர்விகிதம் என்று ஃபௌலர் 1931-இல் காட்டினார். அந்த மின்னோட்டத்தின் வர்க்கமூலத்தை ஃபோட்டான் ஆற்றலுக்கு எதிராக வரைந்து, நேர்கோட்டை அச்சு வரை நீட்டினால் அது வெட்டும் இடம் தகட்டின் சொந்த மதிப்பு. எதிர்த்தகடு இதில் தலையிடாது. வெப்பநிலையால் அடிப்பகுதியில் சிறிய வால் ஒன்று தொங்கும். தொடக்க அதிர்வெண் கத்திமுனைபோலக் கூராக இருப்பது தனிச்சுழி வெப்பநிலையில் மட்டுமே.

திசையைப் பற்றிய கேள்விக்குத் தங்கத்தை வைத்துப் பதில் சொல்கிறேன். கோவை ராஜவீதியில் நகையை வைத்தவுடன் 'டச்', அதாவது தங்கத்தின் தூய்மை, காட்டும் கருவியைப் பார்த்திருப்பீர்கள். அதன் எக்ஸ் கதிர்க் குழாய்க்குள் இருப்பதும் ரிச்சர்ட்சனின் சூடான கம்பிதான். அந்தக் கதிர் தங்க அணுவின் உட்கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியேற்றுகிறது. அந்தக் காலியிடம் நிரம்பும்போது வரும் ஒளிர்வைக் கருவி படிக்கிறது. வெளியேற்றப்பட்ட எலக்ட்ரானை அது கண்டுகொள்வதில்லை. அந்த எலக்ட்ரானையே பிடித்து அதன் ஆற்றலை அளந்தால் அது ஒளிஎலக்ட்ரான் நிறமாலையியல். அதற்காகத்தான் காய் சீக்பானுக்கு 1981-இல் நோபல் பரிசு. ஒளிர்வு மைக்ரோமீட்டர் கணக்கில் ஆழத்திலிருந்து வரும். எலக்ட்ரானோ சில நானோமீட்டருக்கு மேல் ஆழத்திலிருந்து மோதாமல் வர முடியாது. எனவே செம்பின் மீது பத்து நானோமீட்டர் முலாம் பூசினாலே இந்த இரண்டாவது கருவி அதைத் தங்கம் என்றுதான் சொல்லும். நகைக்கடைக்கு உதவாது, பரப்பியலுக்கு இதைவிட உதவுவது வேறில்லை.

அலுமினியத்தின் 1486.6 எலக்ட்ரான்வோல்ட் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, தங்கத்தின் 84.0 எலக்ட்ரான்வோல்ட் கோட்டை வைத்து அந்தக் கருவிகளைச் சரிபார்ப்பது வழக்கம். அங்கேயும் கழிக்கப்படுவது மாதிரியின் வெளியேற்று ஆற்றல் அல்ல, கருவியினுடையது. நீங்கள் ஏட்டில் பிழை என்று எழுதியதை அங்கே தினமும் முறையாகக் கணக்கில் சேர்க்கிறார்கள்.

மாதிரியை ஒற்றைப் படிகமாக எடுத்து, ஒளியின் ஆற்றலைக் குறைத்து, எலக்ட்ரான் வரும் கோணத்தையும் அளந்தால் இன்னும் அதிகம் கிடைக்கும். படிகப் பரப்பு தன் தளத்தின் வழியே ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருவதால், அந்தத் தளத்துக்கு இணையான உந்தம் வெளியேறும்போதும் காப்பாற்றப்படுகிறது. செங்குத்து உந்தம் மட்டும் மாறிவிடும். கோணமும் ஆற்றலும் தெரிந்தால் உள்ளே அந்த எலக்ட்ரான் எந்தப் பட்டையில், எந்த உந்தத்தோடு இருந்தது என்று பின்னோக்கிச் சொல்லிவிடலாம். 1996-இல் இப்படித்தான் தங்கத்தின் ஒரு படிக முகத்தில், பரப்பில் மட்டும் வாழும் எலக்ட்ரான் நிலை தற்சுழற்சியால் இரண்டாகப் பிரிந்திருப்பதைக் கண்டார்கள். உயர் வெப்பநிலை மீக்கடத்திகளின் ஆற்றல் இடைவெளி திசைக்குத் திசை மாறுவதை 1993-இல் காட்டியதும் இதே முறை. புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்த ஆற்றல் பட்டை திரையில் அப்படியே வந்து நிற்கும்.

இங்கேதான் மூன்று கட்டக் கதை போதாமல் போகிறது. எலக்ட்ரான் எழுகிறது, நடக்கிறது, தாண்டுகிறது என்று தனித்தனியாகப் பிரிப்பது நம் வசதிக்காக. அலைக்கு அந்தப் பிரிவினை கிடையாது. சரியான கணக்கில் எல்லாம் ஒரே நிகழ்வு. அதன் இறுதி நிலையைக் கண்டுபிடிக்க ஓர் அழகான வழி உண்டு. உணரியிலிருந்து ஓர் எலக்ட்ரான் கற்றையைப் பரப்பை நோக்கி அனுப்பினால் அது எப்படிச் சிதறி உள்ளே நுழையும் என்று கணக்கிட்டு, நேரத்தைத் திருப்பிவிடுவது. டேவிசனும் ஜெர்மரும் 1927-இல் நிக்கல் படிகத்தின் மீது எலக்ட்ரானை மோதவிட்டு அலைக்குணத்தைக் கண்ட சோதனையைப் பின்னோக்கி ஓட்டினால் கிடைப்பதுதான் ஒளிமின் உமிழ்வு. வெளியிலிருந்து வரும் எலக்ட்ரானின் ஆற்றலுக்கும் உந்தத்துக்கும் பொருத்தமான நிலை படிகத்துக்குள் இல்லையென்றால் அது அப்படியே எதிரொளிக்கப்படும். அதே ஆற்றலில் உள்ளிருந்து வெளியே போவதும் அதே அளவுக்குக் கடினம். வெளியே போகும் அலையோடு பொருந்தும் நிலை உள்ளே இருக்கவேண்டும். அதுதான் உங்கள் கேள்விக்கான முழு விடை.

கோவையின் ஜவுளி ஆய்வுக்கூடங்களில் பஞ்சு இழையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பவர்கள் இதன் இன்னொரு முகத்தை அன்றாடம் சந்திக்கிறார்கள். கற்றை விழும் இடத்திலிருந்து வரும் மெதுவான இரண்டாம் நிலை எலக்ட்ரான்களை வைத்துத்தான் படம் உருவாகிறது. இழை மின்கடத்தாப் பொருள். உள்ளே போகும் எலக்ட்ரானைவிட வெளியே வருவது குறைந்தால் இழையில் எதிர் மின்னூட்டம் சேர்ந்து படம் வெளிறி நெளியும். அதனால்தான் மாதிரியின் மீது தங்கத்தை மெல்லிய படலமாகப் படியவைக்கிறார்கள், அல்லது கற்றையின் மின்னழுத்தத்தை ஒரு கிலோவோல்ட் அளவுக்கு இறக்கி வரவையும் செலவையும் சமப்படுத்துகிறார்கள்.

உலோகங்களில் ஒரு எலக்ட்ரான் விழுந்தால் சராசரியாக அதிகபட்சம் இரண்டுக்குள்தான் வெளிவரும். மெக்னீசியம் ஆக்சைடில், சுத்தமான படிகமானால், இருபதைத் தாண்டியும் வரும். சேலத்து வெள்ளைக்கல்லைச் சுட்டால் கிடைப்பதும் மெக்னீசியம் ஆக்சைடுதான். நாம் அதை உருக்காலை உலைக்கான செங்கல்லாக மட்டுமே அறிவோம். குவாரிக் கல் அப்படியே உணரிக்கு உதவாது என்பது வேறு விஷயம். மெக்னீசியம் ஆக்சைடின் ஆற்றல் இடைவெளி சுமார் 7.8 எலக்ட்ரான்வோல்ட் என்பதால் மெதுவான எலக்ட்ரான் உள்ளே ஆற்றலை இழக்க வழியின்றி நெடுந்தூரம் நடந்து பரப்பை அடைகிறது. பரப்பின் அரணும் தாழ்வானது. பிளாஸ்மா தொலைக்காட்சியின் கண்ணாடிக்குள் இதையே பூசினார்கள்.

ஆனால் இங்கும் எண்ணிக்கையோடு கதை முடியவில்லை. கிராஃபைட்டிலிருந்து வரும் மெதுவான எலக்ட்ரான்களின் ஆற்றல் பரவலில் வெற்றிட மட்டத்துக்கு (கிணற்று மேட்டின் மட்டத்துக்கு) மேலே சில எலக்ட்ரான்வோல்ட் தள்ளி ஒரு முகடு தெரியும். ஆற்றல் மட்டுமே போதும் என்றால் அந்த முகட்டுக்கு இடமில்லை. 2025-இல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு ஒன்று, ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தாளான கிராஃபீனை அடுக்கடுக்காக எடுத்துக்கொண்டு, அடுக்குகளின் எண்ணிக்கை மாறும்போது வெளிவரும் எலக்ட்ரான்கள் எப்படி மாறுகின்றன என்று சோதனையையும் கணக்கீட்டையும் சேர்த்துப் பார்த்தது. வெற்றிட மட்டத்துக்கு மேலே ஆற்றல் உள்ள நிலைகள் எல்லாம் சமமில்லை. சில நிலைகள் அடுக்குகளுக்கு உள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன. சிலவற்றின் அலை வெளியே வலுவாக நீள்கிறது. இந்த இரண்டாம் வகையை வாசல் நிலைகள் என்கிறார்கள். எலக்ட்ரான் வாசல் நிலைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் எளிதாக வெளியே வரும்.

நேரத்தைப் பற்றி ஒரே வரி: ஒளி விழுந்த கணமே உமிழ்வு என்று பாடம் சொல்கிறது, 2007-இல் டங்ஸ்டனில் அளந்தபோது, உட்கூட்டு எலக்ட்ரான் கடத்து பட்டை எலக்ட்ரானைவிட நூறு அட்டோவினாடி (ஓர் அட்டோவினாடி என்பது 10⁻¹⁸ வினாடி) அளவுக்குப் பிந்தி வந்தது.

எல்லாவற்றையும் கணக்கிட்டுவிட முடியுமா என்றால், வெளியேற்று ஆற்றலை ஓரளவு முடியும். 1971-இலேயே லாங், கோன் இருவரும் சோடியம் போன்ற எளிய உலோகங்களுக்குப் பரப்பின் எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து அதை நன்றாகவே கணக்கிட்டார்கள். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று வலுவாகத் தள்ளும் பொருள்களில் நிலைமை கடினம். நிக்கலின் நிறமாலையில் 6 எலக்ட்ரான்வோல்ட் அருகே ஒரு துணைமுகடு வரும்; தனி எலக்ட்ரான் கணக்கு எதைக் கொண்டும் அதைத் தர முடியாது, ஏனெனில் ஒன்று வெளியேறியபின் எஞ்சியவை எப்படி மறுசீரமைகின்றன என்பதும் அதில் பதிவாகிறது.

உங்கள் முதுகலைத் திட்டத்துக்கு யோசனை வேண்டுமானால் இரண்டு சொல்வேன். மழுங்கிய படிக்கான எதிரொளிப்பை ஒரு சிறிய கணினி நிரலில் நீங்களே கணக்கிட்டு, கூரான படியின் 62 எவ்வளவாகக் குறைகிறது என்று பாருங்கள். ஒரு மடிக்கணினி போதும். சோதனைதான் வேண்டும் என்றால், இந்தூரில் உள்ள இந்தஸ்-1, இந்தஸ்-2 சின்க்ரோட்ரான்களில் (எலக்ட்ரான்களைச் சுற்றவிட்டு வலுவான ஒளியைத் தரும் முடுக்கிகளில்) ஒளிஎலக்ட்ரான் நிறமாலை நிலையங்கள் இருக்கின்றன. கல்லூரி ஆய்வாளர்களும் வழிகாட்டி ஆசிரியர் மூலம் விண்ணப்பித்து நேரம் பெறலாம். விண்ணப்பத்தில், மாதிரியின் பரப்பை எப்படிச் சுத்தம் செய்யப்போகிறீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். 10⁻⁶ டார் (வெற்றிடத்தை அளக்கும் அழுத்த அலகு) அழுத்தத்தில் ஒரே வினாடியில் பரப்பின் மீது ஓர் அடுக்கு வாயு படிந்துவிடும் என்பதால், அங்கே உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.